சந்தேகம் வைத்த கத்திரிக்காய்ப் பரீட்சை

குற்றாலத்தில் மேலேயிருந்து விழுவது தண்ணீர்தானா என்று கையை நீட்டித் தொட்டுப் பார்த்த பிறகே நம்பிய ஒரே ஆள் எங்கள் முதலாளியம்மாதான். தென்காசியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும், ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். வாசுதேவநல்லூரில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில், கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் வெளுக்கக் கற்றுக்கொண்டேன். வேலை கேட்டுச் சந்தேகத்திடம் போனபோது எனக்கு நாற்பது, அவருக்கு முப்பது.

"எடிட்டிங் நல்லா தெரியும்" என்றேன்.

"அப்ப, படம் எடுக்கத் தெரியாது. அப்படித்தானண்ணே?"

லேப்டாப்பை பீரோவில் பூட்டினார். பூட்டின் மேலும் நம்பிக்கை இல்லாமல் சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். என் கையில் ஒரு பழைய கேமராவையும் ஒரு கத்திரிக்காயையும் கொடுத்தார்.

"பத்து நாளைக்கு இந்தக் காய்தான் ஒமக்கு மாப்பிள்ளை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு படத்தப் பாத்தே நான் சொல்லணும்."

ராத்திரி ஸ்டூடியோவின் நீலத் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, பகலெல்லாம் காயை ஜன்னலுக்கும் வாசலுக்கும் தூக்கி அலைந்தேன். அவர் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். "காய் பளபளங்குது. நிழல எங்கண்ணே ஒளிச்சு வச்சிருக்கீய?"

ஒன்பதாம் நாள் கையில் காசில்லை, பசி. காயைச் சுட்டுத் தின்றுவிட்டேன்.

"மாப்பிள்ளைய எங்க?"

"சாப்பிட்டுட்டேன்."

"படம் எடுத்துட்டா, எடுக்காமயா?"

"எடுக்காம."

"அதான பாத்தேன்."

ஒருநாள் காலை அவர் அருவிக்குப் படமெடுக்கப் போயிருந்தார். ஆய்க்குடியிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவசரத்தில் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார வைத்து எடுத்தேன். கண்ணிரண்டும் குழியாகிவிட்டன. அதனால் என்ன, என் செல்போனில் ஆப் இருந்தது. ரெண்டு தடவை தேய்த்தேன். முகம் பளிங்காகிவிட்டது.

"ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்பலாம் போலிருக்கே!" என்று அப்பா பூரித்துப் போனார். படத்தோடு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினார்கள்.

திரும்பி வந்த சந்தேகம் மிச்சப் பிரிண்டை எடுத்து வெயிலில் பிடித்தார்.

"இந்த மூஞ்சில என்னமோ களவு போயிருக்கு. என்னண்ணே எடுத்தீய?"

"ஒண்ணுமில்ல. புருவத்துல ஒரு தழும்பு."

"அடப்பாவி! விண்ணப்பத்துல அங்க அடையாளம்னு அந்தத் தழும்பத்தான எழுதிருப்பாவ! நாளைக்கு ஓட்டத் தேர்வு மைதானத்துல ஆள் வேற, படம் வேறன்னு வெளிய தள்ளுனா ஒம்ம செல்போன் ஆப் வந்தா சாட்சி சொல்லும்?"

ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். நல்லவேளை, பிரவுசிங் சென்டரில் வரிசை. அவர்கள் இன்னும் அனுப்பவில்லை. பெண்ணை வாசலோரம் உட்கார வைத்தார். அப்பாவின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி என்னிடம் நீட்டினார்.

"இருட்டா இருக்க கன்னத்துக்குப் பக்கத்துல விரிச்சுப் பிடியும்."

பிடித்தேன். துண்டிலிருந்து வெளிச்சம் மெதுவாக அவள் முகத்தில் ஏறியது. ஒரே கிளிக். தழும்பு இருந்தது, கண்ணும் இருந்தது. அந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுலதான் நான் நானா இருக்கேன்" என்றாள்.

பின்னால் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பா லட்டு கொண்டு வந்தார். சந்தேகம் அதைப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. நான் கிளம்பிய அன்று, "லென்ஸ் எதுவும் உள்ள போயிருக்கான்னு பாக்கணும்" என்று என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய்ச் சோதித்தார். சட்டைகளைக்கூட மடித்து வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

மதுரை தாண்டிப் பையைத் திறந்தேன். சட்டைக்கு நடுவில் அந்தப் பழைய கேமரா. பக்கத்தில், வாடாமல் ஒரு கத்திரிக்காய்.

இந்தத் தடவை படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.