பெரியமுத்து லாரிக்குத் தொண்டை திறந்த கதை

கேரள மலையில் இருக்கும் சக்குபள்ளத்துப் பெரியமுத்துவின் லாரிக்கு ஒரே ஒரு குறை. வயது பதினெட்டாகியும் குரல் உடையவில்லை. ஏலக்காய் மூட்டையோடு ஏத்தம் ஏறினால் சளி பிடித்த பூனைபோல முனகும். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஆரன் அடித்து ஒதுங்கச் சொன்ன அன்று பெரியமுத்து சபதம் எடுத்தார். இனி நான் வருவதற்கு முன்னால் என் சத்தம் வரவேண்டும்.

அடிவாரத்துக் கம்பம் ஊரில் பட்டறை வைத்திருக்கும் சிலுவைராஜ், சைலன்சரின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்த தகடுகளை உருவிப்போட்டுவிட்டு, தொடைத் தண்டிக்கு ஒரு குழாயை வைத்துப் பற்றவைத்தார். புகைக்கு வழி விட்டால் இழுவை கூடும் என்றார். இழுவை கூடியதோ என்னவோ, சத்தம் கூடியது. மலையேறி வந்து முறுக்கிய முதல் முறுக்கலில் தோட்டத்துக் குரங்குகள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. கம்பமெட்டு சோதனைச்சாவடிக் கம்பம் தானாக எழுந்து வணக்கம் வைத்தது.

ரோட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெரியமுத்துவின் மனைவி செல்வலட்சுமி மட்டும் காதைப் பொத்தாமல் நின்று கேட்டாள். அப்போதே ஆள் சுதாரித்திருக்க வேண்டும். சாயங்காலம் கோதுமைக் கஞ்சியை முன்னால் வைத்தாள். பெரியமுத்துவுக்குச் சர்க்கரை. இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. டாக்டர் மறந்தாலும் செல்வலட்சுமி மறக்கமாட்டாள்.

“மூணே காலுக்கு ஜிபி டீக்கடைகிட்ட சத்தம் நின்னுச்சு. மூணே முக்காலுக்குத்தான் கெளம்புச்சு. எத்தன பழம்பொரி?”

“டயருல காத்துப் பாத்தேன்.”

“காத்துப் பாத்தா ஏப்பம் ஏத்தம்பழ வாசமா வருமாங்க?”

பெரியமுத்து கஞ்சிக்குள் குனிந்துகொண்டார். பூனை முனகலோடு போய், ஈ காக்கைக்குத் தெரியாமல் வருடக்கணக்காகத் தின்ற பழம்பொரி, மாவில் தோய்த்துப் பொரித்த நேந்திரம்பழம். இப்போது தன் செலவிலேயே தனக்குத் தண்டோரா போட்டுக்கொண்டார்.

அதற்காகப் பழம்பொரியை விட முடியுமா? மறுநாள் சிலுவைராஜையே கூட்டிவந்து, கம்பமெட்டிலேயே ஸ்டியரிங்கைக் கொடுத்தார். ஜிபி கடையருகே லாரி நடைவேகத்துக்கு வரும்போது இவர் குதித்துக்கொள்வது, சிலுவைராஜ் நிறுத்தாமல் ஏத்தத்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று ஏற்பாடு. சத்தம் நிற்காவிட்டால் சந்தேகம் ஏது?

லாரி சீராக முழங்கிக்கொண்டு மேலே போனது. மூன்று பழம்பொரி முடிந்து நான்காவதைக் கடிக்கும்போது கடை வாசலில் நிழல் விழுந்தது. இடுப்பில் காய்க்கூடையோடு செல்வலட்சுமி. கடைக்காரர் ஜிபி நைசாகத் தட்டை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தார்.

“சத்தம் நிக்கவே இல்லியே” என்றார் பெரியமுத்து, வாயில் இருந்ததை விழுங்காமலே.

“நிக்கல” என்றாள் செல்வலட்சுமி. “ஆனா இந்த ஏத்தத்துல நீங்க கியர் மாத்துனா, வண்டி மூணு தடவ நறநறன்னு பல்லக் கடிக்கும். இன்னைக்கு வெண்ணெயா ஏறுச்சு. இம்புட்டு நல்லா ஓட்டுறது ஒன் வீட்டுக்காரரா இருக்காதுக்கான்னு தோட்டத்துல அத்தன பேருமே சொல்லிட்டாளுக.”