இருபத்துநாலாம் தேதியைக் கிழிக்காத ஆடு

ஒரு காட்டில், அலுவலக நேரத்தில் மட்டும், ஒரு புலி ஆட்சி செய்து வந்தது. மற்ற நேரத்தில் தூங்கியது. பசித்தால் எழுந்து, எதிரில் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. எதிரில் வராமல் இருந்தால் போதும் என்பதுதான் அந்தக் காட்டின் ஒரே சட்டம். எல்லோரும் அதற்குப் பழகியிருந்தார்கள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காட்டுக்கு ஒரு ஆந்தை வந்து, "திட்டமிட்டு வாழ்வோம்" என்று மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்தியது. புலி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டது.

"பசி என்பது உணர்ச்சி. புதன்கிழமை என்பது திட்டம். நீங்கள் எதன் பின்னால் போகிறீர்கள்?" என்று ஆந்தை கேட்டபோது புலிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் உணர்ச்சிவசப்பட்டு மான்களைத் தின்றுவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

முகாம் முடிந்ததும் புலி அலுவலகக் கூட்டம் போட்டது. அலுவலகம் என்றால் மூன்று பேர். கண்காணிப்பாளர் தணிகாசலம் என்ற நரி. கம்ப்யூட்டர் பிரிவில் கிஷோர் என்ற குரங்கு. அலுவலக உதவியாளர் பூவாயி என்ற ஆடு. புலியின் அலுவலகத்தில் ஆடு எப்படி வேலைக்குச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள். நிரந்தர வேலை என்றால் யாரும் சேருவார்கள்.

"இனிமே எனக்கு வாரத்துக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. புதன்கிழமை, மதியம் ஒரு மணி. யாருங்கறதை முன்கூட்டியே பட்டியல் போட்டுடணும். தேதி இல்லாம இந்தக் காட்டுல யார் மேலயும் கை வைக்கமாட்டேன்" என்றது புலி. "இப்ப கேள்வி என்னன்னா, அந்தத் தேதியை எதுல குறிக்கறது? அதை முதல்ல முடிவு பண்ணணும்னு ஆந்தை சொல்லியிருக்கார்."

நரி உடனே ஒரு டைரியை எடுத்து மேஜையில் வைத்தது. ஜவுளிக்கடையில் ஓசியாகக் கொடுத்தது, தோல் அட்டை, உள்ளே ரிப்பன் எல்லாம் உண்டு. "டைரிக்கு ஈடு கிடையாதுங்க ஐயா. எழுதினா மனசுல நிக்கும்."

புலி புரட்டிப் பார்த்தது. முதல் பக்கத்தில் பெயர், முகவரி, இரத்தப் பிரிவு, காலணி அளவு எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. ஜனவரி ஒன்றில், 'இன்று முதல் தினமும் டைரி எழுதுவது என்று முடிவு செய்தேன்' என்று இருந்தது. ஜனவரி இரண்டில், 'நேற்று போலவே.' அதற்குப் பிறகு டிசம்பர் வரைக்கும் வெள்ளைத்தாள். போதாக்குறைக்கு அது போன வருஷத்து டைரி.

"இந்த வருஷத்துது?"

"அலமாரியில இருக்குங்க ஐயா. புதுசு. எழுதி அழுக்காக்க மனசு வரல."

குரங்கு தன் செல்போனை நீட்டியது. "ஐயா, இதுல போட்டு விட்டுட்டா நாம மறந்தாலும் அது மறக்காது. அதுவே கூப்பிட்டுச் சொல்லும்." சொல்லி வாய் மூடவில்லை, போன் கூப்பிட்டது. 'தண்ணீர் குடியுங்கள்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடக்கவும்' என்றது. குரங்கு அப்போது விட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு சார்ஜ் தீர்ந்து போன் தானாகவே அணைந்துவிட்டது.

புலி சுவரைப் பார்த்தது. அங்கே தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. பெரிய எழுத்தில் தேதி, கீழே கிழமை, நல்ல நேரம், இராகு காலம், ராசிபலன். காலை ஒன்பது மணிக்கு முந்தின நாள் தாளைக் கிழிப்பது பூவாயியின் வேலை. கிழித்த தாளைத் தின்றுகொள்வது அதன் உரிமை.

"இதுதான் சரி. எல்லார் கண்ணுக்கும் தெரியுது, சார்ஜ் போட வேண்டாம்" என்றது புலி. அன்றே உத்தரவு போட்டது. இக்காட்டில் இனி தேதி என்பது அலுவலகக் காலண்டர் காட்டும் தேதியே. அதைக் காலை ஒன்பது மணிக்கு அலுவலக உதவியாளர் மட்டுமே கிழிக்க வேண்டும். வேறு எவரும், எக்காரணம் கொண்டும், தொடக் கூடாது.

முதல் புதன்கிழமை காட்டுப்பன்றியின் முறை. பன்றி கால் மணி நேரம் முன்னாலேயே வந்து, பதிவேட்டில் வந்த நேரத்தை எழுதியது. போன நேரம் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. அடுத்த புதன், பதினெட்டாம் தேதி, ஒரு மான். திட்டம் அருமையாக வேலை செய்கிறது என்று புலி ஆந்தைக்குக் கடிதம் எழுதியது.

மறுநாள் நரி பூவாயியைக் கூப்பிட்டது. "காலண்டரை எடு. இருபத்தஞ்சாம் தேதித் தாள்ல எழுது. மதியம் ஒரு மணி. ஆடு, ஒண்ணு."

பூவாயி எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. "எந்த ஆடு சார்?"

"இந்தக் காட்டுல எத்தனை ஆடு இருக்கு?"

"நானும் என் குட்டியும்தான் சார்."

"குட்டி இன்னும் பட்டியல்ல ஏறல. அப்புறம் எதுக்குக் கேக்கற?"

பூவாயி அவசரமாக அந்தத் தாளிலேயே ராசிபலனைப் பார்த்தது. மேஷம்: விருந்து என்று போட்டிருந்தது.

"சார், அன்னிக்கு ஒருநாள் எனக்கு லீவு வேணும்."

"நல்லா இருக்கே! நீ இல்லாம அன்னிக்கு விருந்து எப்படி நடக்கும்?" என்றது நரி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டது. "இதோ பாரு பூவாயி, ஓடிப் போனா வேலை போயிடும். இருந்து போனா, பணியில இருக்கும்போது இறந்ததா எழுதுவேன். கருணை அடிப்படையில உன் குட்டிக்கு இதே வேலை. நானே சிபாரிசு பண்றேன். அது சேர்ந்துட்டா பட்டியல்லயும் ஏத்திடலாம், இன்னொரு புதனுக்கு எனக்கும் ஆள் தேடற அலைச்சல் இல்ல."

நரி இதை நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. ஆனால் பூவாயிக்குக் குட்டியின் முகம் ஞாபகம் வந்தது. பல் முளைத்து ஒரு மாதம்கூட ஆகாத குட்டி. தன் உயிர் போனால் போகட்டும் என்று சொல்லக்கூட வழியில்லாமல் போயிற்றே என்று அழுதது.

புதன்கிழமை விடிந்தது. பூவாயி ஒன்பது மணிக்கு வந்து, வழக்கம்போலக் காலண்டர் முன்னால் நின்று வாயைத் திறந்தது. இருபத்துநாலாம் தேதித் தாள். இதைக் கிழித்தால் கீழே இருப்பது அது தன் கையாலேயே எழுதிய தாள். பூவாயி வாயை மூடிக்கொண்டது. இது தந்திரம் என்று பின்னால் பலரும் புகழ்ந்தார்கள். தந்திரமெல்லாம் இல்லை. பயத்தில் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது நரி வந்தது. காலண்டரைப் பார்த்து, பதிவேட்டில் இருபத்துநாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. போட்ட பிறகு தலையைச் சொறிந்தது. "நேத்தும் இருபத்துநாலு போட்ட மாதிரி இருக்கே?"

அப்போது, பட்டியலைத் தன் போனிலும் ஏற்றிவைத்திருந்த குரங்கு ஓடி வந்தது. "பூவாயிக்கா, உங்களுக்குத்தான் போன் அடிக்குது!" போன் கணீரென்று சொன்னது. 'இன்று, மதியம் ஒரு மணி, ஆடு. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.'

"பாத்தீங்களா சார், இன்னிக்கு இருபத்தஞ்சு. அக்கா தாளைக் கிழிக்கல."

நரி யோசித்தது. போன மாதம் தாமதமாக வந்ததற்காகப் புலி அதற்கு ஒரு மெமோ கொடுத்திருந்தது. இருபத்தைந்தாம் தேதிக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும். நரி ஒரு வரிகூட எழுதவில்லை.

"உத்தரவு என்ன சொல்லுது? காலண்டர் காட்டறதுதான் தேதி. உன் போனைத் திருத்து" என்றது நரி.

"சார், போனுக்குத் தேதி வானத்துலேருந்து தானா வருது."

"உத்தரவு இல்லாம வானத்துலேருந்து வந்தா நாம ஏன் வாங்கணும்? ஆமா, உனக்குத் துறைத் தேர்வு என்னிக்கு?"

"இருபத்தாறு சார்."

"படிச்சிட்டியா?"

குரங்கு போனை எடுத்து, தேதியைக் கையாலேயே இருபத்துநாலு என்று மாற்றியது.

அதற்கு மறுநாளும் பூவாயி கிழிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த புதனுக்குப் பெயர் கொடுக்கப்பட்டிருந்த முயல், அலுவலகத்துக்கு வந்து காலண்டரைப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு கட்டுப் பச்சைப் புல் வைத்துவிட்டுப் போயிற்று. அதற்கடுத்த புதன்காரரான காட்டெருமை, காலண்டரில் காற்று படக்கூடாது என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டது. காடு முழுக்க ஒரே செவ்வாய்க்கிழமை. மூன்று மணியிலிருந்து நாலரை வரைக்கும் இராகு காலம் என்று தினமும் வேலையை நிறுத்தி டீ குடித்தார்கள்.

இதில் கஷ்டம் ஒருவருக்குத்தான்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று புலி கேட்டது.

"செவ்வாய்ங்க ஐயா" என்றது நரி.

"நேத்தும் செவ்வாய்தானே?"

"சில வாரம் அப்படி அமைஞ்சிடும்ங்க ஐயா."

புலிக்கு வயிறு கத்தியது. அது உணர்ச்சி என்று ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. குகை வாசலில் அந்த முயல் குறுக்கே போனது. "உனக்கு அடுத்த புதன்தானே? இங்க என்ன வேலை, போ" என்று புலியே விரட்டியது. திட்டமிட்டு வாழ்கிறவர்களின் மனவுறுதியைக் குறை சொல்லவே முடியாது.

ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை (நாம் எண்ணிக்கொண்டிருப்பதால் தெரிகிறது) புலி தட்டுத் தடுமாறி அலுவலகத்துக்கே வந்தது. காலண்டரைக் கிட்டே போய்ப் பார்த்தது. இருபத்துநாலு, செவ்வாய். ராசிபலனில் தனக்கென்று ஒரு ராசி இல்லாததால் சிம்மத்தைப் பார்த்தது. தாமதம் என்று இருந்தது. சரியாகத்தான் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டது.

காலண்டருக்குக் கீழே பூவாயி நின்றிருந்தது. புலி மூக்கை நீட்டி முகர்ந்தது. "நீதானே புதன்கிழமை?"

"ஆமாங்கய்யா." பூவாயி சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"அந்தத் தாளைக் கிழியேன்."

"இப்ப மணி பதினொண்ணுங்கய்யா. ஒன்பது மணிக்குத்தான் கிழிக்கணும்னு உத்தரவு."

"யார் போட்டது?"

"ஐயாதாங்க."

புலிக்கு அந்த நிலையிலும் பெருமையாக இருந்தது. நரியிடம் திரும்பி, "எனக்கு ஒரு புகார் இருக்கு. மனு எழுதிக் கொடுக்கலாமா?" என்றது.

"மனு வாங்கறது திங்கக்கிழமைங்க ஐயா. இன்னிக்குச் செவ்வாய்" என்றது நரி.

பதினாறாவது செவ்வாய்க்கிழமை புலியால் எழுந்திருக்க முடியவில்லை. பூவாயியை வரச் சொன்னது. பூவாயி எட்ட நின்று எட்டிப் பார்த்தது. அத்தனை பெரிய உடம்பு எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

"பூவாயி, நாளைக்குப் புதன்தானே?"

"ஆமாங்கய்யா. நாளைக்குப் புதன்தான்."

"நேரத்துக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் புலி கண்ணை மூடியது. பூவாயி விம்மி அழுதது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போய்த் தாளைக் கிழித்துவிடலாம் என்று ஒரு நொடிகூட அதற்குத் தோன்றவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் புலி செத்துப்போனது. எதனால் இறந்தது என்ற இடத்தில் நரி, 'செவ்வாய்க்கிழமை' என்று எழுதியது.

இரங்கல் கூட்டம் அமர்க்களமாக நடந்தது. "சொன்ன நாளுக்கு ஒருநாள் முன்னாடிகூட யாரையும் தொடாத உத்தமர்" என்று நரி பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மெமோ கொடுத்தவரே போய்விட்டதால் இனி விளக்கம் தேவையில்லை. துக்கத்தை முன்னிட்டுத் துறைத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. புதன்கிழமைப் பட்டியல் அன்றே அடுப்புக்குப் போயிற்று.

கடைசியாக நரி சொன்னது: "அன்னாரின் மறைவையொட்டி நாளைக்கு எல்லாருக்கும் விடுமுறை."

கூட்டமே கை தட்டியது. பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. விடுமுறை வேண்டுமானால் நாளை என்று ஒன்று வந்தாக வேண்டும். எல்லோரும் பூவாயியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, உத்தரவுப்படி, பூவாயி இருபத்துநாலாம் தேதியைக் கிழித்தது. கீழே இருபத்தைந்து வந்தது. மதியம் ஒரு மணி, ஆடு, ஒன்று. தன் கையெழுத்தை ஒருமுறை நன்றாகப் படித்துப் பார்த்தது. இந்த ஒரு தாளுக்கு மட்டும் நாளை ஒன்பது மணி வரைக்கும் பொறுக்க முடியாது என்று அதையும் கிழித்து, குட்டியைக் கூப்பிட்டுப் பாதி கொடுத்தது. இரண்டும் நிதானமாக மென்று புதன்கிழமையைத் தின்று முடித்தன.

நீதி: காலண்டரோ, டைரியோ, செல்போனோ, உங்களுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு என்ன கிழமை என்று உங்கள் சாப்பாட்டிடம் கேட்காதீர்கள்.