பனங்கட்டி தின்ற குறளி

உறியில் தொங்கிய ஓலைக் குட்டானுக்குள் பனங்கட்டி இல்லை. பத்மாசினி குட்டானைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை கிடந்த பனங்கட்டி எங்கை?"

நாகலிங்கத்தாரின் வாய்க்குள் அப்போதுதான் அதன் கடைசித் துண்டு கரைந்துகொண்டிருந்தது. விழுங்காமல் பதில் சொல்ல முடியாது. விழுங்கினால் தொண்டை அசைவது தெரியும்.

மலாயா ரயில்வேயில் பெரிய கிளாக்கராக இருந்து, பென்சனோடு இணுவிலுக்குத் திரும்பி வந்தவர் அவர். மலாயன் பென்சன்காரரை நான் அதிகம் கேலி செய்யக்கூடாது. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். அவருடைய காசில் படித்துத்தான் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். வந்த நாள் தொட்டு நாகலிங்கத்தார் ஒரு துரும்பையும் எடுத்துப் போட்டதில்லை. சாய்மனைக் கதிரையும் பனங்கட்டியுமாக இருந்தார். நீரிழிவு என்கிற சலரோகம் வந்தது. இப்படியே தின்றால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பத்மாசினி அழுதாள். அழுது முடித்ததும் கணவரின் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"இனி ஒருக்கா நீங்கள் களவாய்த் தின்னுறதைக் கண்டனோ, அடுத்த பஸ்ஸிலை நெல்லியடிக்கு அண்ணையிட்டைப் போயிடுவன். பிறகு திரும்பி வரமாட்டன்."

அவள் சொன்னால் செய்கிறவள். நாகலிங்கத்தாருக்குத் தேத்தண்ணி வைக்கக்கூடத் தெரியாது. அதைவிட, அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விழுங்கினார்.

"குறளி எடுத்திருக்கும்" என்றார்.

சொன்ன கையோடு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. சாண் உயரக் குள்ளச் சனம், கண்ணில் படாமல் வீட்டுக்குள் திரிந்து சாமான்களைத் தூக்கும் என்று சின்ன வயதில் கேட்ட கதை. வெள்ளைக்காரத் துரைமாரோடு கைகுலுக்கிய மனிதனுக்கு வாயில் வந்த பொய்யைப் பார் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

நல்லவேளையாகப் பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை, பேப்பர் இரவல் வாங்க வந்து முற்றத்தில் நின்றார். அவரும் பென்சன்காரர்தான்.

"ஓம் தங்கச்சி, எங்கடை வீட்டிலையும் ஒண்டு நிக்குது. எங்கடை பனாட்டுத் துண்டெல்லாம் திண்டு முடிச்சதும் உதுதான்" என்றார் அவர். பிறகு நாகலிங்கத்தாரை ஏனோ பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பேப்பரோடு போனார்.

பத்மாசினி நம்பிவிட்டாள். அன்று பின்னேரமே ஒரு சிரட்டையில் பனங்கட்டித் துண்டொன்றை வைத்து அடுப்படி மூலையில் வைத்தாள். நாகலிங்கத்தாருக்கு வாயெல்லாம் தண்ணீர்.

"ஆனா, குறளிக்குத் தீன் மட்டும் போட்டால் காணாதாம். வேலையும் குடுக்கவேணுமாம். வேலை இல்லாட்டில் வீட்டுக்காரனைத்தான் அடிக்குமாம்" என்றவள், மூலையைப் பார்த்துக் கைகூப்பினாள். "குறளியார், விடியமுன்னம் கிடாரம் நிறையத் தண்ணி அள்ளி வச்சுவிடும்."

"சாண் உயரத்து ஆள் கிணத்துத் துலாவை எப்பிடி இழுக்கிறது?" என்று நாகலிங்கத்தார் கேட்டார்.

"அதுதானே மந்திரம்."

தண்ணீர் நிறையாவிட்டால் குறளி இல்லை. குறளி இல்லாவிட்டால் பனங்கட்டி தின்றது யார்? விடியற்புறம் நாகலிங்கத்தார் துலாக்கொடியில் தொங்கினார். மலாயா முழுக்க ரயில் ஓடவிட்ட நான், ஒரு வாளியை மேலே கொண்டுவரப் படும் பாட்டைப் பார் என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பும் வந்தது, மூச்சுத்தான் வரவில்லை.

அடுத்த நாள் தேங்காய் திருவினார். அதற்கடுத்த நாள் உரலில் மா இடித்தார். இது சரிவராது, குறளியை வீட்டைவிட்டு அனுப்பவேண்டியதுதான் என்று முடிவெடுத்து, இடித்த மாவைக் கொஞ்சம் நிலத்தில் தூவி, பெருவிரலால் குட்டிக் குட்டிக் காலடிகள் வைத்தார். காலடிகள் அடுப்படியிலிருந்து வாசல் படலை வரைக்கும் போயின.

"பாரும், குறளி போயிட்டுது" என்றார், முடிந்தவரை கவலையோடு.

பத்மாசினி குனிந்து பார்த்தாள்.

"போகேல்லை. வளவைச் சுத்திப் பாத்திருக்கு. அப்ப வெளிவேலையும் செய்யும் போலை. விறகு கொத்தச் சொல்லுவம்."

விறகும் கொத்தினார். வேலை கூடக்கூடச் சிரட்டையில் பனங்கட்டித் துண்டு சிறுத்துக்கொண்டு வந்தது. குறளி சின்ன ஆள்தானே, இவ்வளவும் போதும் என்றாள் பத்மாசினி. கடைசியில் ஒரு புளியங்கொட்டை அளவு துண்டுக்காக நாகலிங்கத்தார் கோடரி தூக்கினார். ஒருநாள் அதையும் தின்ன மறந்து நித்திரையாகிவிட்டார். டொக்டர் சலத்தைச் சோதித்துவிட்டு, சீனி நல்லாய் இறங்கியிருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார்.

"எல்லாம் எங்கடை குறளியின்ரை புண்ணியம்" என்றாள் பத்மாசினி.

பிறகு வேலி வந்தது. ஆழ்வாப்பிள்ளை வளவுப் பக்கம் ஓலை உக்கி, ஆள் புகக்கூடிய பொட்டு விழுந்திருந்தது. குறளியார் அதை அடைக்கட்டும் என்று அடுப்படி மூலைக்கு உத்தரவு போனது.

விடியற்புறம் தொடங்கிய வேலை விடிந்தும் முடியவில்லை. கையெல்லாம் ஓலை கீறி எரிந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவோமா என்று யோசித்தார். நெல்லியடி பஸ் மனக்கண்ணில் வந்து நின்றது. அடுத்த ஓலையை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பத்மாசினி விளக்குமாற்றோடு முற்றத்துக்கு வந்தாள். நாகலிங்கத்தார் ஓலைக் குவியலுக்குப் பின்னால் குந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். இனிப் பிடிபடவேண்டியதுதான்.

பாதி அடைத்த பொட்டுக்குள்ளால் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி சின்னாச்சி தலையை நீட்டினாள்.

"பத்மாசினி, உன்ரை குறளி உதை அடைச்சு முடிச்சாப்போலை எங்கடை ஒழுங்கை வேலிக்கும் ஒருக்கா அனுப்பிவிடு. எங்கடை குறளி நேற்று விறகு கொத்தி இடுப்புப் பிடிச்சு, எழும்ப ஏலாமல் உங்கடை பேப்பரைக் கேட்டுக்கொண்டு கிடக்குது."