கிரேனுக்கு நான் காட்டிய மரியாதை

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறவனுக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் மலேசியாவின் மூவார் நகரில் ஒரு மரத் தளவாடத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஸ்டோர் கீப்பராகக் காலம் தள்ளினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புரியாத விஷயங்களைத்தான் நான் அதிகம் எழுதி வைப்பேன். புரிந்துவிட்டால் எதற்கு எழுத வேண்டும்? என் அலமாரியில் ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருக்கும் டைரிகளைப் பார்த்து விருந்தாளிகள் மலைத்துப்போவார்கள். அவ்வளவும் எனக்குப் புரியாதவை என்று நான் சொன்னதில்லை.

அவற்றில் கடைசியிலிருந்து நான்காவது டைரியில்தான் கிரேன் வருகிறது.

அந்த வருடம் எங்கள் ஸ்டோரைக் கணினிக்கு மாற்றினார்கள். பலகை எத்தனை, ஆணி எத்தனை என்று அதுவே சொல்லிவிடுமாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார். ஸ்டோருக்கு இனி ஆள் தேவையில்லை. மரக்கட்டை இறக்கும் யார்டில் கிரேன் ஓட்ட ஆள் தேவை. சான்றிதழ் எடுத்து வந்தால் அடுத்த மாதம் முதல் அந்த வேலை எனக்கு. இல்லாவிட்டால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. அந்த வயதில் ஜொகூர் பாருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, விடியுமுன் எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வேலைக்கு ஓடுகிற கூட்டத்தில் சேர எனக்குத் தெம்பில்லை. கிரேனில் உட்கார்வது என்று முடிவு செய்தேன்.

"நீங்களா? கிரேனா?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"ஏன், எனக்கு என்ன?"

"போன மாசம் பல்பு மாத்தச் சொன்னேன். ஏணி எங்க வைக்கணும்னு படம் வரைஞ்சீங்க. ஏறுறப்ப எதைப் பிடிக்கணும்னு எழுதுனீங்க. கடைசில பல்ப மாத்துனது யாரு? கிளாரா."

"நான் எழுதுன மாதிரிதானே மாத்துனா?"

எங்கள் மகள் கிளாரா கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் நாற்காலி மேல ஏறி மாத்தினேன்பா" என்றாள்.

பயிற்சி நிலையம் ஜொகூர் பாருவுக்கு வெளியே, தொழிற்பேட்டை ஒன்றின் கோடியில் இருந்தது. ஐந்து நாள் பயிற்சி. ஐந்தாவது நாள் தேர்வு. பயிற்றுநர் மணியம் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். பக்கத்து இருக்கையில் ஜமால் பாய். அவர் குடும்பம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது. ரொட்டி தட்டித் தட்டித் தோள்பட்டை இறங்கிவிட்டது என்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

முதல் நாள் சுமை அட்டவணை. கிரேனின் கை எவ்வளவு நீண்டால் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்று நுணுக்கி நுணுக்கி எண்கள் போட்ட பெரிய கட்டம் அது. நான் அதை மூன்று நிற மையில், அளவுகோல் வைத்து, நோட்டில் நகல் எடுத்தேன். மணியம் சார் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"பாருங்க, அண்ணன் எப்படி எழுதியிருக்காருன்னு. சரி அண்ணே, பத்து மீட்டர்ல எவ்ளோ தூக்கலாம்?"

"பக்கம் பதினாலு, சார்."

"பக்கம் இல்லண்ணே. எவ்ளோ பாரம்?"

"அது பக்கம் பதினாலுலதான் இருக்கு, சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்கென்று புரியவில்லை.

இரண்டாம், மூன்றாம் நாள் சிமுலேட்டர் பயிற்சி. அசல் கிரேன் போலவே இருக்கை, அதே கைப்பிடிகள், முன்னால் பெரிய திரை. குளிர்சாதன அறை, தரை முழுக்க நீலக் கம்பளம். வாசலில் "தயவுசெய்து காலணிகளைக் கழற்றவும்" என்று மலாயில் ஓர் அறிவிப்பு. இது எங்கள் ஊரில் அதிசயமே இல்லை. மருத்துவர் வீட்டு கிளினிக்கிலும் கழற்றுவோம், தையல் கடையிலும் கழற்றுவோம். வாசலில் நான்கு ஜோடி கிடந்தால் ஐந்தாவது ஜோடி காலிலிருந்து தானாகக் கழன்றுவிடும். நானும் என் பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்றி, நாடாவை உள்ளே மடித்துச் செருகி, சுவரோரம் இணையாக வைத்துவிட்டுப் போவேன்.

செய்முறையை நோட்டில் பத்தொன்பது படிகளாக எழுதினேன். முதல் படி: சப்பாத்தைக் கழற்றவும். இரண்டாம் படி: கைப்பிடியைப் பிடித்து ஏறவும்.

நான்காம் நாள் அசல் கிரேன். பெயர் வரிசைப்படி ஒவ்வொருவராக ஏற வேண்டும். நான் கடைசி. மூன்று மணிக்கு வானம் கறுத்தது, மூன்று பத்துக்கு இடி, மழை. என் முறை வரவில்லை.

"கவலப்படாதீங்க அண்ணே, சிமுலேட்டர்ல செஞ்சத அப்படியே செய்யுங்க. ஒண்ணு கூட மாத்தாதீங்க" என்றார் மணியம் சார்.

அதையும் எழுதிக்கொண்டேன். 'ஒன்றுகூட மாற்றக்கூடாது.' கீழே இரண்டு கோடு.

ஐந்தாம் நாள். தேர்வு அதிகாரி புவான் ஹஸ்னா, கண்டிப்பான மலாய் அம்மையார். தேர்வுக்கு இரண்டு பகுதி. கிரேன் சாயாமல் இருக்க நான்கு மூலையிலும் இரும்பு ஊன்றுகோல்கள் இருக்கும். அவற்றின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டுகளை உள்ளே இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தித் தரையில் இறக்கி, வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். பிறகு ஒரு கான்கிரீட் கட்டியைத் தூக்கி, திருப்பி, சுண்ணாம்பு வட்டத்துக்குள் வைக்க வேண்டும். ஜமால் பாய் முன்னால் நின்று எனக்குக் கை சைகை காட்டுவார்.

கிரேனைச் சுற்றி நடந்து சோதித்தேன். தட்டுகள் நான்கும் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நின்றன. அடியில் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் நோட்டைத் திருப்பி முதல் படிக்கு வந்தேன்.

மழையில் யார்டு முழுக்கச் செம்மண் சேறு. ஏறும் படியருகே யாரோ ஒரு பழைய கம்பளத் துண்டைப் போட்டிருந்தார்கள். (சேற்றைத் துடைத்துக்கொண்டு ஏறுவதற்காம். பிறகு சொன்னார்கள்.) அதன் பக்கத்தில் மெக்கானிக்கின் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. கம்பளம், செருப்பு, என் முதல் படி, மூன்றும் ஒன்றையே சொல்லும்போது சந்தேகப்பட நான் யார்? சப்பாத்தைக் கழற்றினேன். வழியில் வைத்தால் மற்றவர்களுக்கு இடைஞ்சல். வெட்டவெளியில் வைத்தால் மறுபடி மழை வந்தால் நனையும். சுற்றிப் பார்த்தேன். படியை ஒட்டியே பின்பக்க இடது தட்டு, சின்னக் கூரை மாதிரி அழகாக நின்றது. கம்பளத்தில் நின்றபடியே கையை நீட்டி அதன் அடியில் வைத்தேன். இணையாக. நாடாவை உள்ளே மடித்து.

பிறகு மீதிப் பதினெட்டுப் படிகளையும் நான் செய்ததுபோல யாரும் செய்திருக்க மாட்டார்கள். தட்டுகள் இறங்கின. இடது பின்பக்கம் மட்டும் ஒரு நொடி தயங்கியது. மழை பெய்த மண், இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியைச் சமப்படுத்தினேன். ஜமால் பாய் சைகை காட்டக் காட்ட, கான்கிரீட் கட்டி தரையைவிட்டு எழுந்து, துளியும் ஆடாமல் திரும்பியது. இந்த வயதில் எனக்குள் இப்படியொரு திறமையா என்று எனக்கே கண் கலங்கியது.

அப்போது ஜமால் பாய் இரண்டு கைகளையும் விரித்து வெறிபிடித்தவர் போல ஆட்டினார். அவசர நிறுத்தம். நிறுத்தினேன். கட்டி அந்தரத்தில் நின்றது.

கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. உள்ளே இயந்திர இரைச்சல். வெளியே நடப்பது எதுவும் காதில் விழவில்லை. புவான் ஹஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணியம் சார் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். யாரோ முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். ஜமால் பாய் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் ஏந்தி துவா கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. யாரையோ கொன்றுவிட்டேன். வேலை போனது பெரிதில்லை, யார் வீட்டுப் பிள்ளையோ? நான் ஜெபிக்க ஆரம்பித்தேன். பாதியில் அடுத்த வரி மறந்துவிட்டது. ஞாயிறுதோறும் சொல்கிற ஜெபம்.

வாக்கி டாக்கி கரகரத்தது. மணியம் சார்தான் பேசினார்.

"அண்ணே, எதையும் தொடாதீங்க. தட்டுக்கு அடில ஆள் மாட்டிக்கிச்சு."

"யாரு, சார்?"

"தெரியலண்ணே. ஆளக் காணோம். சேத்துக்குள்ள போய்ட்டாரோ என்னமோ. சப்பாத்து முனை மட்டும்தான் வெளிய தெரியுது."

இருபத்தாறு வருட ஸ்டோர் புத்தி, அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன நெறம், சார்?"

"கறுப்பு. இப்ப அதுவா முக்கியம்?"

"எத்தனை சார்? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு. ஜோடியா இருக்கு. பக்கத்துல பக்கத்துல."

"இணையாவா, சார்?"

மறுபடி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார்.

"நாடா உள்ள மடிச்சு வச்சிருக்கா, சார்?"

கண்ணாடி வழியே பார்த்தேன். மணியம் சார் மெதுவாக எழுந்து முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டு, என்னை அண்ணாந்து பார்த்தார்.

"சேவியர் அண்ணே. இப்ப உங்க கால்ல என்ன இருக்கு?"

குனிந்து பார்த்தேன்.

"காலுறை, சார்."

"அலமாக்! ஐயையோ!" என்று ஜமால் பாய் கத்தியது அந்தக் கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது.

அதோடு முடியவில்லை. பாரம் அந்தரத்தில் தொங்கும்போது தட்டை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் வண்டி கவிழும். எனவே முதலில் கட்டியை இறக்க வேண்டும். காலுறையோடு, யார்டே வேடிக்கை பார்க்க, அதை வட்டத்துக்குள் இறக்கினேன். நடு மையத்தில். யாரும் கைதட்டவில்லை.

தட்டு உயர்ந்ததும் ஜமால் பாய் சப்பாத்துகளை உருவி எடுத்தார். முனையில் இருந்த இரும்பு மூடிகள் தாங்கிவிட்டன. பின்பாதி இரண்டும் அப்பளம்.

"இறங்குங்கண்ணே" என்றார் மணியம் சார்.

"முடியாது, சார். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாம யார்டுல யாரும் கால் வைக்கக் கூடாது. நீங்கதான் முதல் நாள் சொன்னீங்க. மூணாவது விதி."

கடைசியில் ஜமால் பாய் முதுகைக் காட்டினார்.

"ஏறுங்கண்ணே. கிரேன் தூக்காட்டி என்ன, நான் உங்களத் தூக்குறேன். நீங்க எத்தனை கிலோ? இல்ல, அதுவும் பக்கம் பதினாலா?"

அப்படியே ரொட்டி தட்டிய தோளில் தொங்கியபடி யார்டைக் கடந்தேன்.

புவான் ஹஸ்னா அலுவலக மேசைக்கு வந்து, ஏன் கழற்றினாய் என்று கேட்டார். என் நோட்டைக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. மணியம் சாரிடம் நீட்டி, மொழிபெயர்க்கச் சொன்னார். மணியம் சார் மெல்லிய குரலில் முதல் படியை மலாயில் சொன்னார். எங்கே கற்றான் என்று அவர் கேட்க, சிமுலேட்டர் அறை அறிவிப்பையும் சொன்னார். அசல் வண்டியில் எத்தனை முறை ஏறியிருக்கிறான் என்று கேட்க, ஒருமுறைகூட இல்லை என்றார். கடைசியில் அவர் 'ஒன்றுகூட மாற்றக்கூடாது' என்ற வரிக்குக் கீழே இருந்த இரண்டு கோடுகளை விரலால் தொட்டு, இது என்ன என்றார். மணியம் சார் கூரையைப் பார்த்தார்.

எனக்குத் தோல்வி. அதில் மாற்றமில்லை. ஆனால் தவறு பயிற்சியிலும் இருக்கிறது, இவனை அசல் கிரேனில் இரண்டு நாள் ஏற்றிவிட்டு அடுத்த வாரம் திரும்பக் கூட்டி வாருங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பாஸா?" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னும் ஒரு வாரம் ஆகும்."

"ஏன், யாருக்காச்சும் அடி பட்டுச்சா?"

"சப்பாத்துக்கு மட்டும்."

அடுத்த வாரம் தேறினேன். (புதுச் சப்பாத்து. கழற்றவில்லை. இரவல் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.) முதல் தேதி யார்டு கிரேனில் உட்கார்ந்தேன், இன்றும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவரையும் ஒன்றையும் நசுக்கியதில்லை. ஆனால் இது யாருடைய நினைவிலும் நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கார் நிறுத்தும் இடத்தில்தான் செருப்பு, சப்பாத்து எல்லாம் கழற்றி வைப்பார்கள். நான் வெளியே போய்விட்டு வந்து காரைப் பின்னோக்கி உள்ளே எடுக்கிற சத்தம் கேட்டால் போதும். "அப்பா வந்துட்டாரு!" என்று கிளாரா குரல் கொடுப்பாள். தின்றுகொண்டிருப்பவர்கள் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து, அவரவர் ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். போன கிறிஸ்துமஸுக்கு வீடு மந்திரிக்க வந்த சாமியாருக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் எல்லாரும் ஓடுவதைப் பார்த்து அவரும் ஓடிவந்து, வெள்ளை அங்கியோடு தன் கறுப்புச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஏன் நிற்கிறோம் என்று பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"சும்மா நில்லுங்க சாமி" என்றாள் அவள். "அவரு எண்ணி முடிக்கட்டும்."

காரை நிறுத்தி, இறங்கி, அன்றைய டைரியில் எழுதினேன். பதினொரு ஜோடி. சேதம் இல்லை.