வேலை செய்யாத அருவி

"இன்னாது, போட்டோ வேல செய்யலியா?" அருள்பிரகாசம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அது இன்னா பாய், ஃபேனா? ஸ்விட்சப் போட்டா சுத்துறதுக்கு?"

ராயபுரத்தில் அவருடைய ஸ்டூடியோ வாசலில், பேப்பர் சுற்றிய ஃபிரேமைக் கைக்குழந்தை போல் அணைத்தபடி நின்றிருந்தார் சௌக்கத் அலி. காலடிப்பேட்டையில் மெடிக்கல் லேப் நடத்துகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அதுதான் அருள்பிரகாசத்துக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தினால் திருப்பிக் கத்தாத மனிதரை என்னதான் செய்வது?

"கோச்சுக்காதீங்க சார். ஒரு வாரம் மாட்டிப் பார்த்தோம். ஆளுங்க முன்னால நின்னு பாக்குறாங்க. ஆனா ஒண்ணும் வரல."

"இன்னா வரல? ஃபீலிங்கா?"

சௌக்கத் அலி தரையைப் பார்த்தார். "அப்படியே வெச்சுக்குங்களேன்."

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம், பாஸ்போர்ட், சாவு என்று எடுத்துத் தள்ளியவர் அருள்பிரகாசம். ஆல்பத்தை வாங்கிப் புரட்டுகிறவர்கள் எல்லாம் அதில் தங்கள் மூஞ்சியைத்தான் தேடுவார்கள். 'நல்ல அருவிப் படம் ஒண்ணு வேணும் சார், சுவத்துல மாட்ட' என்று சௌக்கத் அலி கேட்டபோது, படத்தைப் படத்துக்காகவே கேட்கும் முதல் மனிதர் வந்துவிட்டார் என்று நெஞ்சு விம்மியது. அந்த மே மாத வெயிலில் கும்மிடிப்பூண்டி தாண்டி ஸ்கூட்டரை விரட்டி, தடா பக்கத்து மலையில் ஏறி எடுத்த படம் இது.

"கோடைல தண்ணி நூலாட்டந்தான் வுழும். அதுலதான் கலை கீது!"

"அதான் சார் பிரச்சனை. சொட்டுச் சொட்டா இருக்கு. கொஞ்சம் தாராளமா இருந்தா நல்லது."

அவர் டிவிஎஸ் ஃபிஃப்டி தெருமுனை திரும்பும்வரை அருள்பிரகாசம் வாசலில் நின்று திட்டினார்.

கல்லாவில் இருந்த மனைவி ஐரீன், "வேற ஆளப் பாத்துக்கன்னு சொல்லிட வேண்டியதுதான?" என்றார்.

"சொல்லுவேன். நல்ல படத்த மூஞ்சில அடிச்சிட்டு அப்பால சொல்லுவேன்."

ஆகஸ்டில் நாலு மழை பெய்ததும் மறுபடி போனார். விடியற்கால மூட்டத்தில், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை இரண்டு விநாடி திறந்துவைத்து எடுத்தார். தண்ணீர் பாலாக, பட்டாக, புகையாக இறங்கியது. பிரிண்டைப் பார்த்து அவரே எழுந்து நின்றுவிட்டார்.

பத்தாம் நாள் ஃபிரேம் திரும்பி வந்தது.

"அழகா இருக்கு சார்," என்றார் சௌக்கத் அலி. "ரொம்ப அமைதியா இருக்கு. ஒரு பெரியவர் பார்த்துக்கிட்டே நின்னவர் அப்படியே தூங்கிட்டார். தட்டி எழுப்ப வேண்டியதாப் போச்சு."

"தூங்குனாரா?"

"தண்ணி ஓடற மாதிரியே இல்ல சார். உறைஞ்சிருக்கு. ஓடணும்."

அருள்பிரகாசம் கையிலிருந்த லென்ஸ் மூடியை மேஜையில் அறைந்தார். அது எகிறி, பாஸ்போர்ட் படத்துக்கு வந்து முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்த அம்மாளின் நெற்றியில் பட்டது. அந்த அம்மாளும் போய்விட்டார், சௌக்கத் அலியும் போய்விட்டார். ஐரீன் மட்டும் போகாமல் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஓடணுமா? காட்டுறேன், எப்டி ஓடுதுன்னு!"

நவம்பரில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னதும் கிளம்பினார். ஐரீன் வாசலை மறித்தார்.

"நாளைக்கு எங்க அக்கா மெர்லின் பேரனுக்கு ஞானஸ்நானம். நீதான் போட்டோ எடுக்கணும்னு பங்குச் சாமியாருக்கே தெரியும்."

"இப்பவே போயி காலைல வந்துடுவேன்."

காலையில் வரவில்லை. காட்டாறு பாதையை அடைத்துக்கொண்டது. மறுநாள் மாலை, முட்டி கிழிந்து, கேமரா ஸ்டாண்டை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். குழந்தை படமே இல்லாமல் ஞானஸ்நானம் பெற்றிருந்தது. மெர்லின் தங்கை வீட்டு வாசற்படியை இனி மிதிப்பதில்லை என்று கோயில் வாசலில் வைத்தே அறிவித்திருந்தார்.

ஆனால் படம்! மலையே இடிந்து விழுவது போல் செக்கச்செவேலென்று தண்ணீர்.

இந்த முறை மூன்றே நாளில் சௌக்கத் அலி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். கலங்கி, சிவப்பா இருக்கா... பார்த்ததும் ஆளுங்க பயந்துடறாங்க. வர்றதும் நின்னுபோச்சு."

"யோவ் பாய்!" அருள்பிரகாசத்தின் குரலில் எதிர்க் கடை ஷட்டரே அதிர்ந்தது. "மெல்லிசா எடுத்தா சொட்டுதுன்ற. பாலாட்டம் எடுத்தா தூங்குறான்ற. பொங்கி வந்தா பயப்படுறான்ற. உன் லேபுக்கு வர்றவன் பேஷண்ட்டா, கலெக்டரா?"

"தெளிவா, வேகமா, ஒவ்வொரு துளியும் தெரியற மாதிரி ஒண்ணு கிடைச்சா போதும் சார்," என்றார் சௌக்கத் அலி, சலாம் வைத்துவிட்டு.

ஜனவரியில், மழை விட்டுத் தண்ணீர் தெளிந்த பிறகு, உச்சி வெயிலில் அருள்பிரகாசம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். கேமராவைச் சுற்றி பாலிதீன் பை. ஸ்டாண்டு இல்லை. கையில் நடுக்கமும் இல்லை, ஆத்திரம் மட்டும்தான்.

"ஓடு! எவ்ளோ ஓடுவ, ஓடு!" என்று அருவியைப் பார்த்துக் கத்திக்கொண்டே, ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வேகத்தில் முப்பத்தாறு படமும் எடுத்து முடித்தார்.

பிரிண்டைக் கையில் வாங்கிய ஐரீன் முதன்முறையாகத் திட்டவில்லை. "யம்மாடி, மேல தெறிக்கிற மாதிரியே கீதே," என்றவர், படத்தை மேஜையில் வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

ஃபிரேம் போட்டுக் கொடுத்த மறுநாளே போன் வந்தது.

"சார்!" சௌக்கத் அலி கத்தினார். அவர் கத்திக் கேட்டது அன்றுதான். "பிரமாதம்! மாட்டின நிமிஷமே வந்துடுச்சு! ஒருத்தர் தப்பல. அன்னிக்குத் தூங்கின அதே பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறார்!"

அருள்பிரகாசம் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஐரீனை மட்டுமல்ல, முறுக்கிக்கொண்டிருந்த மெர்லினையும் கெஞ்சிக் கூத்தாடி ஆட்டோவில் ஏற்றிக் காலடிப்பேட்டைக்கு அழைத்துப்போனார்.

லேப் வரவேற்பறையில் ஒரு நாள்காட்டி, ஒரு கடிகாரம், 'செருப்பை வெளியே விடவும்' என்ற போர்டு. அருவி இல்லை.

மெர்லின் மூக்கால் சிரித்தார். அருள்பிரகாசத்துக்குக் காதுவரை சிவந்தது.

"எட்டு மாசம் அலைய வுட்டு, மூலைல போட்டு வெச்சிகிறானா? எங்க அந்த பாய்? கூப்புடு அந்த ஆள! என் கலைய இன்னான்னு நெனச்சிகினான்?"

சத்தம் கேட்டு, கையில் துடைப்பக் கட்டையோடு ஆயா கெங்கம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். ஆள் யார் என்று புரிந்ததும் வாயெல்லாம் பல்லானார்.

"நீதானா நைனா அது! முன்னெல்லாம் டெஸ்ட்டுக்கு ஒண்ணுக்கு வராம மணிக்கணக்கா குந்திகினு கெடப்பாங்க. இப்போ டப்பாவ கையில குட்த்து கக்கூஸ்ல உன் படத்துக்கு முன்னால நிக்க வெச்சா, நிமிசத்துல ரொம்பி வழியுது!"