நாப்பது வளைவும் நான் பார்த்த வைத்தியமும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரைப் பார்த்து, வால்பாறை பஸ்ஸுல ஏத்தி, கூடவே போயி, சாயங்காலம் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வரோணும்.

இதுல என்ன கஷ்டம்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தானுங்க கேட்டேன்.

அப்ப நான் கோயமுத்தூருல மனசு வைத்தியத்துக்கு மேல்படிப்பு படிச்சுட்டிருந்தேன். தொண்ணூறுகள்ல எங்க பெரியநாயக்கன்பாளையத்துல இந்தப் படிப்பைச் சொன்னா ஒருத்தருக்கும் வெளங்காது.

"மருந்து குடுப்பியா கண்ணு?"

"இல்லீங்க."

"ஊசி?"

"இல்லீங்க."

"பொறவு என்னதான் பண்ணுவே?"

"பேசுவேனுங்க."

கேட்டவங்க எங்கம்மாவைத் திரும்பிப் பார்ப்பாங்க. எங்கம்மா, "ஊட்டுலயும் அதைத்தான் பண்ணிட்டிருந்தா. அதுக்குப் போயி பீஸு கட்டிப் படிக்கறா"ன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிருவாங்க.

படிப்போட சாரம் சுருக்கமானதுதான். பயமா ஒரு நெனப்பு வந்தா, அதுக்கு என்ன ஆதாரம்னு உக்கார வெச்சுக் கேக்கோணும். அப்பறம், எதுக்குப் பயப்படறமோ அங்கயே போயி, பயம் தானா எறங்கற வரைக்கும் நகராம இருக்கோணும். எறங்கும். கட்டாயம் எறங்கும். புஸ்தகத்துல கோடே போட்டுக் காட்டியிருந்தாங்க. இந்த மாதிரி ஒருத்தரையாவது முழுசா தேத்திக் காட்டுனாத்தான் எங்க மேடம் கையெழுத்துப் போடுவாங்க.

எனக்கு வாய்ச்சவரு சென்னியப்பன் ஐயா. உடுமலைப்பேட்டையில தேங்கா வியாபாரம். ஆறடி ஆளு, அதுக்கேத்த மீசை. தென்ன மரமே முறிஞ்சு பக்கத்துல உழுந்தாலும் அசைய மாட்டாரு. ஆனா மலை ஏறற பஸ்ஸுன்னா போதும், பச்சப்புள்ளையாட்டம் ஆயிருவாரு.

மகளை வால்பாறையில குடுத்திருந்தாரு. மாப்பிள்ளைக்கு எஸ்டேட் ஆபீஸுல வேலை. கண்ணாலத்துக்கு முன்னாடி ஊடு பார்க்கப் போனப்ப, மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே பஸ்ஸை நிறுத்தி எறங்கி, மலையடிவாரத்து ஆழியாறுக்கு நடந்தே வந்துட்டாராம். அதுக்கப்பறம் மலைப்பக்கமே தலை வெச்சுப் படுக்கல. கண்ணாலம் பொள்ளாச்சியிலயே நடந்ததால தப்பிச்சாரு.

இப்ப மகள் முழுகாம இருந்துச்சு. எங்க பக்கத்துல கட்டுச்சோத்து விருந்துன்னு ஒண்ணு உண்டு. பொண்ணைப் பெத்தவங்க சோத்துல நாலஞ்சு வகை செஞ்சு கட்டிட்டு மாப்பிள்ளை ஊட்டுக்குப் போயி, விருந்து வெச்சு, பிரசவத்துக்கு மகளைக் கூட்டிட்டு வரோணும். அதுக்கு அப்பன் போகலீன்னா எப்படி?

"சம்பந்தி ஊட்டுல ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க அம்மணி. நொம்ப நல்லவங்க. ஆனா எம்புள்ள வாசல்ல நின்னு, எல்லாரும் எறங்குனதுக்கு அப்பறமும் அப்பன் எறங்கறானான்னு பார்த்துட்டே நிக்கும். அதை நெனச்சாத்தானுங்க தாங்கல."

மீசைக்காரரு அழுதுட்டாரு. இவரை மலை ஏத்தாம உடறதில்லீன்னு அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன்.

மொதல்ல ஆதாரக் கேள்வியக் கேட்டேன். "பஸ்ஸு கவுந்துரும்னு நெனைக்கறீங்களே, அதுக்கு என்னங்க ஆதாரம்?"

"ஆதாரம் கெடைக்கறப்ப நாம இருக்க மாட்டமுங்களே, டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்லீங்க."

"போச்சாது, அதனால என்னங்க, ஆயிருவீங்க."

சேரின்னு அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். பயத்துக்கு மார்க் போடறது. துளிகூடப் பயமில்லீன்னா சைபரு. தாங்கவே முடியலீன்னா நூறு.

"மலை பஸ்ஸை நெனச்சா இப்ப எத்தனைங்க?"

"நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க அம்மணி."

"அப்படியில்லீங்க, நீங்கதான் சொல்லோணும்."

"நான் சொன்னா நல்லாருக்காதுங்க. நீங்க படிச்சவங்க."

"ஒரு எம்பது இருக்குங்களா?"

"எம்பதுங்களா..." தாடையத் தடவுனாரு. "எழுவத்தஞ்சுக்கு முடிச்சுக்கலாங்க. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்."

எழுதிக்கிட்டேன். என்ன பண்றது?

ஆனா பாருங்க, அதுக்கப்பறம் மார்க்கு வாரா வாரம் ஆடித் தள்ளுபடி மாதிரி எறங்குச்சு. அறுவது. நாப்பது. மலை ரோட்டு போட்டோவைக் கையில குடுத்தா, "பரவாயில்லீங்க, இருவத்தஞ்சு போட்டுக்குங்க"ன்னாரு. எனக்குத் தலை கால் புரியல. கோடு போட்டுக் கொண்டு போயி மேடத்துக்கிட்ட காட்டுனேன்.

மேடம் மெட்ராஸ்காரங்க. லேசுல சிரிக்க மாட்டாங்க. அன்னைக்குச் சிரிச்சாங்க.

"அப்படியே புஸ்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கே! இனி பஸ்ல ஏத்திடு. ஆனா ஒண்ணு. பயத்துக்கு முட்டுக் குடுக்கற சாமான் எதுவும் அவர் கையில இருக்கக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. முழுசா டேப்புல பதிஞ்சுட்டு வா."

எல்லாம் சொன்னாங்க. நீ மலை ரோட்டுல போயிருக்கியான்னு மட்டும் கேக்கல. அதுவரைக்கும் நான் ஏறுன ஒரே மலை மருதமலை. அதுவும் படியில.

அன்னைக்குக் காலையில பொள்ளாச்சியில சோதனை போட்டேன். அவரு பையில ரெண்டு எலுமிச்சம்பழம், ஒரு மப்ளரு, திருநீறு பொட்டணம். மூணையும் வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். திருநீறை வாங்கறப்ப மட்டும் கை கூசுச்சு.

"அதுமுங்களா அம்மணி?"

"அதுந்தானுங்க."

அப்பறம் ஓட்டலுக்குப் போயி நான் பூரி கெழங்கு ரெண்டு செட்டு சாப்பிட்டேன். அவரு பாலில்லாத கட்டஞ்சாயா மட்டும் குடிச்சாரு.

"மலைக்குப் போறப்ப வயித்த லேசா வெச்சுக்கோணுங்க அம்மணி."

"வயித்துல ஒண்ணுமில்லீங்க. எல்லாம் மனசுதான்." அட அட, என்ன ஒரு தெளிவு!

பஸ்ஸு கெளம்புச்சு. டேப் ரெக்கார்டரை மடியில வெச்சு அமுத்திவுட்டேன். ஆழியாறு தாண்டுனதும் கேட்டேன், "இப்ப எத்தனைங்க?"

"நூறுங்க."

"போன வாரம் இருவத்தஞ்சுன்னீங்களே?"

"அது உங்களுக்காகச் சொன்னதுங்க."

"என்னுங்க?"

"நெசத்தச் சொன்னா மொத நாள்ல இருந்தே நூறுதானுங்க. நீங்க சின்னப்புள்ள. ஒவ்வொருக்காவும் பென்சிலைப் புடிச்சுட்டு ஆசையா மொகத்தைப் பார்ப்பீங்க. நூறுன்னு சொன்னா மொகம் வாடிப்போகுமேன்னுதான் கொறச்சுக் கொறச்சுச் சொன்னேன்."

அடக் கடவுளே! மரியாதைக்குப் பயத்தைக் கொறச்சுச் சொல்ற ஊருல வந்து மார்க் போட்டேன் பாருங்க, என்னைச் சொல்லோணும்! நானும் அதே ஊருதானே? பக்கத்து ஊட்டு அக்கா குடுக்கற உப்புக் கரிக்கற கொழம்பை "நொம்ப நல்லாருந்துச்சுங்க்கா"ன்னு சொல்லித்தானே பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கறோம்?

ஒரு துளிகூட எறங்காத நூறோட ஒரு மனுசனை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். மேடம், மகள், விருந்து எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. அந்த நேரம் பார்த்து பஸ்ஸு மொத வளைவுல திரும்புச்சு. பூரியும் திரும்புச்சு.

ரெண்டாவது வளைவுல ஜன்னல் வழியா கீழ பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மூணாவது வளைவு. அவரு எறங்கி ஓடுன எடம். அவரு முன்னால இருந்த கம்பியப் புடிச்சாரு. நான் அவரு கையப் புடிச்சேன். நெஞ்சு படபடன்னு அடிக்குது, உள்ளங்கை வேர்க்குது, காது அடைக்குது. புஸ்தகத்துல இருந்தது ஒண்ணு பாக்கியில்லாம எனக்கு வந்துருச்சு.

"பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க! நான் எறங்கி நடந்தே போயிக்கறேன்!"

"எறங்கீறாதீங்க அம்மணி. நான் அன்னைக்கு எறங்கித்தானுங்க இத்தனை நாளும் ஏற முடியாமப் போச்சு. சித்த பொறுத்தா தானா எறங்கிரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"அது உங்களுக்குச் சொன்னதுங்க!"

பூரி மேல வந்துருச்சு. தலைய வெளிய நீட்டிட்டேன். சித்தநேரத்துல, "தலைய உள்ள எடுங்க, லாரி வருது!"ன்னு ஒரு அதட்டல். அவரு கொரல்ல நடுக்கமே இல்ல.

என் பையத் தொறந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தாரு. நகத்துல கீறி மூக்குக்கிட்ட வெச்சாரு.

"வேண்டாங்க... அது முட்டுக் குடுக்கற சாமான்..."

"அதெல்லாம் அப்பறமாப் பேசிக்கலாங்க. மோந்து பாருங்க."

மப்ளரை எடுத்து என் காதைச் சுத்திக் கட்டுனாரு. நெத்தியில திருநீறு பூசுனாரு. முன்னால ஜன்னலோரத்துல இருந்தவங்களை எந்திரிக்கச் சொல்லி, என்னைக் காத்தோட்டமான அந்த சீட்டுல உக்கார வெச்சாரு. கண்டக்டரு வந்து பார்த்தாரு.

"ஏனுங்க பெரியவரே, அம்மணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"இல்லீங்க. ஆஸ்பத்திரியில இருந்துதான் வந்திருக்காங்க."

கண்டக்டரு அதுக்கப்பறம் எங்க பக்கமே வரல.

வால்பாறையில மகள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்துச்சு. வயித்தத் தாங்கிப் புடிச்சுட்டு ஓரமா நின்னுட்டிருந்துச்சு. ஐயா படியில காலை வெச்சதும், "அப்பா!"ன்னு ஒரு கத்து. அவரு கிட்டப் போயி நின்னாரு. கட்டிப்புடிக்கறதெல்லாம் எங்க பக்கம் கெடையாது. "சாப்டியா சாமி?"ன்னு மட்டும்தான் கேட்டாரு. அந்தப் புள்ள முந்தானையில மொகத்தைப் பொத்திட்டு அழுதுச்சு. நானும் அழுதேன். என் மொகம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்ததால யாருக்கும் வித்தியாசம் தெரியல.

"டாக்டரம்மா வர்றாங்கன்னீங்களே அப்பா, எங்க?"

"இவங்கதான் கண்ணு."

அந்தப் புள்ள என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்துச்சு. மப்ளரு, திருநீறு, கையில எலுமிச்சம்பழம். "வாங்க்கா, வந்து படுத்துக்குங்க"ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போச்சு.

எறங்கற பஸ்ஸுல ஏற மாட்டேன்னு அடம்புடிச்சது தனிக் கதை. "இங்கயே தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பொழச்சுக்கறேனுங்க"ன்னேன். ஐயா பொறுமையா, "பஸ்ஸு கவுந்துரும்னு நெனைக்கறீங்களே அம்மணி, அதுக்கு என்னங்க ஆதாரம்?"னு கேட்டாரு. கேட்டதோட உடல, பதிலுக்காகக் காத்துட்டு வேற இருந்தாரு.

அடுத்த நாள் மேடம் டேப்பைப் போட்டுக் கேட்டாங்க. முழுசா கேட்டாங்க. நான் ஓங்கரிக்கற சத்தம் உட்பட.

"இதுல தெரபிஸ்ட் யாரு?"

நான் கையத் தூக்கப் பார்த்து, பாதியில எறக்கிக்கிட்டேன்.

"அவர்கிட்ட இருந்து எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிட்டு, நீயே எலுமிச்சம்பழமா போய் உக்காந்திருக்கே. உன்னைக் கவனிச்சதுல அவருக்குப் பயப்பட நேரமில்ல. இது செல்லாது. விருந்து அன்னைக்கு நீ இல்லாம அவர் ஏறட்டும். நீ முன்னாடியே மேல போய், வந்து சேர்ந்தாரான்னு மட்டும் பாரு."

"மேல எப்படிப் போறது மேடம்?"

"பஸ் ஓடுதே."

விருந்து அன்னைக்குத் தன்னந்தனியா போனேனுங்க. பூரி சாப்பிடல. ஒண்ணுமே சாப்பிடல. கண்ணை மூடாம, எறங்காம, ஊருல இருக்கற அத்தனை சாமியையும் கூப்பிட்டுட்டே நாப்பது வளைவும் போயிட்டேன்.

சம்பந்தி ஊட்டு வாசல்ல மகளும் நானும் நின்னோம். ஐயாவும் சொந்தக்காரங்களும் கெளம்புன வேன் வர்ற நேரம் தாண்டிப் போச்சு. அந்தப் புள்ள ரோட்டையே பார்த்துட்டிருந்துச்சு. ஆழியாறுலயே எறங்கிட்டாரோன்னு நான் வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வேன் வந்துச்சு. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா எறங்குனாங்க. புளிச்சோறு எறங்குச்சு, தயிருசோறு எறங்குச்சு. கடைசியா முன் சீட்டுக் கதவு தொறந்துச்சு. மொகமெல்லாம் வேர்த்துப்போயி, சென்னியப்பன் ஐயா. மகள் ஓடுச்சு. "மெதுவா வா கண்ணு!"ன்னு அத்தனை பேரும் கத்துனாங்க.

சித்த பொறுத்து நான் கிட்டப் போயி மெதுவாக் கேட்டேன், "எத்தனைங்க?"

"அம்பதுங்க அம்மணி. முப்பதுன்னு சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்க. ஆனா நெசமாவே அம்பதுதானுங்க."

அந்த அம்பதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசம், பரீட்சையில பாஸான அன்னைக்குக்கூட வரலீங்க.

பந்தி முடிஞ்சதும், மொத தடவை நாங்க வந்தப்ப ஊட்டுல இல்லாத சம்பந்தி என்னைப் பார்த்து, "இந்தப் புள்ள யாருங்க?"ன்னு கேட்டாரு.

சென்னியப்பன் ஐயா நெஞ்சை நிமுத்தி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு. "கோயமுத்தூருப் புள்ளைங்க. மலை பஸ்ஸுன்னா நொம்பப் பயம், பாவம். நான்தான் கூட்டிட்டு வந்து பழக்கிவுட்டேன். இன்னைக்குத் தனியாவே வந்துருச்சு பாருங்க!"

எல்லாரும் கை தட்டுனாங்க. என்னைப் பார்த்து இல்லீங்க, அவரைப் பார்த்து.

"அப்படிங்களா! எங்க தம்பிக்குக் கெணத்துப்பக்கம் போனாலே பயமுங்க. சித்த பார்த்துக் குடுக்க முடியுங்களா?"ன்னு சம்பந்தி அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு.

ஐயா சேரின்னு ஒத்துக்கிட்டாரு. வேணும்னா நானும் கூட வந்து கத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு.