யோகநாதன் மினுக்கின சட்டை

இன்றைக்கும் இஸ்திரிப்பெட்டியால் சட்டையை மினுக்கிக்கொண்டு நின்றார் யோகநாதன். கலியாண வீட்டுக்கே கசங்கிய சட்டையோடு போகிற மனிதர், பூவரசங்குளத்துப் பின்னேர இங்கிலீஸ் வகுப்புக்குப் பவுடரும் பூசிக்கொண்டு புறப்பட்டால் பெண்சாதி விமலேஸ்வரிக்கு வயிறு எரியாதா? படிப்பிக்கிற எமில்டா டீச்சர் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அதுவும் தனிக்கட்டை.

லண்டனில் இருக்கிற பேத்திக்கு இங்கிலீஸைத் தவிர வேறொன்றும் வராது. போன வருசம் வவுனியாவுக்குப் போய் டெலிபோனில் பிள்ளையின் குரலைக் கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் அழுதுவிட்டு வந்தாள் விமலேஸ்வரி. வகுப்புக்குப் போகும்படி யோகநாதன் கெஞ்சினார். இந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாங்கில் போய் இருக்கமாட்டேன் என்று ஒரே போடாகப் போட்டாள். அதனால்தான் அவரே போகிறார் என்று முதலில் நம்பினாள்.

மாட்டுக்கு வைக்கோல் போடும்போது அவர் முணுமுணுத்தது காதில் விழும்வரைதான் அந்த நம்பிக்கை.

"பியூட்டிஃபுல் டீச்சர்... கைண்ட் டீச்சர்..."

"ஆரைச் சொல்லுறியள்?"

"அது அட்ஜெக்டிவப்பா. ஆளின்ர பேருக்கு முன்னால போடவேணும்."

"என்ர பேருக்கு முன்னால ஒருநாளும் ஒண்டும் போட்டதில்லையே."

சைக்கிள் திறப்பை ஒளித்தாள். நடந்து போனவர் இன்னும் பிந்தி வந்தார். பவுடர் பேணியை ஒளித்தாள். அவர் வாசச் சவுக்காரம் வாங்கி வந்தார். கடைசியில் அவளே வகுப்பு யன்னலடியில் போய் நின்று ஒட்டுக் கேட்டாள். டீச்சர் கண்டுவிட்டு உள்ளே கூப்பிட்டு இருத்தினார்.

தான் எங்கே நிற்கிறேன் என்று டீச்சர் இங்கிலீஸில் கேட்டதற்கு, "நியர் மீ" என்றார் யோகநாதன், பல்லெல்லாம் தெரிய.

"ஃபார், டீச்சர்," என்றாள் விமலேஸ்வரி. தூரம் என்கிற அந்தச் சொல் யன்னலடியிலேயே பிடிபட்டிருந்தது.

'பிட்வீன்' படித்த அன்று இருவருக்கும் நடுவில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். புருசனைக் காவல் காப்பதென்றால் அவர் கதைப்பது விளங்க வேண்டாமா? குசினியில் சமைக்கும்போதும் பாடமாக்கினாள். அவரோ பாடப் படத்தில் மேசைக்குக் கீழே இருந்த பூனையை, 'ஆன்' என்று சொல்லி மேலே ஏற்றிவிட்டார். டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்காமல் விமலேஸ்வரி இன்னும் மும்முரமாகப் படித்தாள்.

வருசப்பிறப்புக்கு வவுனியாவில் டெலிபோன் எடுத்தார்கள். எங்கே இருக்கிறாய் என்று பேத்தி கேட்டாள். "நியர் யுவர் அப்பப்பா, மை ஸ்வீட் சைல்ட்," என்றாள் விமலேஸ்வரி. பிள்ளை சிரித்தது. சந்தோசத்தில் அவள் ரிசீவரை யோகநாதனிடம் கொடுக்கவே இல்லை.

அப்படியும் சந்தேகம் விடவில்லை. மறுநாள் பயற்றம் பணியாரத்தோடு டீச்சரிடம் போய், இனித் தான் மட்டும் வந்தால் போதும், அவர் வீட்டில் நிற்கட்டும் என்றாள்.

எமில்டா டீச்சர் பணியாரத்தை வாங்கி வைத்தார்.

"அவர் முதல் நாளே சொல்லிப்போட்டார், 'டீச்சர், எனக்கு இங்கிலீஸ் வேண்டாம். சட்டையை மினுக்கிக்கொண்டு வந்து கொஞ்ச நாளைக்குச் சும்மா இருக்கிறன், மனிசி தானா வந்து படிப்பா' எண்டு."